மாடியம்மா எப்போது காணாமல் போனாள்

ஒரு டிவி சீரியல் எந்த நாளில் கெட்டுப்போனது என்று வாதாடி, அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன் நான். வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிட்டிங் பிட்டர் வேலை. நூல் துணியாக மாறுகிற இடம் அது. ஆளுயர வட்ட மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். ஊசி உடைந்தால் மாற்றுவதும், துணியில் ஓட்டை விழுந்தால் ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பதும் என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே வேலைதான். மெஷின் நின்றுவிட்டால் முதலாளிக்கு வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வரும். என் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது வீட்டிலும் கம்பெனியிலும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த சீரியல் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் வரும். அழுகை கிடையாது, சிரிப்பு மட்டும்தான். ஒரு காம்பவுண்டு. கீழே சில குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும், வீட்டுக்காரம்மா மாடியில். எல்லோரும் அவளை மாடியம்மா என்பார்கள். அவள் முகத்தை ஒருநாளும் காட்டமாட்டார்கள், குரல் மட்டும்தான் வரும். கீழே இருப்பவர்கள் பொய் சொல்வார்கள், சதி பண்ணுவார்கள், ஒருவர் காலை இன்னொருவர் வாரிவிடுவார்கள். எல்லாம் முடிந்து, அப்பாடா தப்பித்தோம் என்று மூச்சு விடுகிற நேரத்தில் மேலேயிருந்து ஒரே ஒரு வரி விழும். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவார்கள். அந்த முகங்களைப் பார்க்கத்தான் எங்கள் லைன் வீட்டில் ஆளாளுக்கு வேலையை முடித்துவிட்டு ஓடி வருவோம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆரம்ப வருசத்தில் வந்த மீன் எபிசோடுதான். புரட்டாசி மாதம் காம்பவுண்டுக்குள் கவுச்சி கூடாது என்பது மாடியம்மாவின் சட்டம். வீட்டோடு இருக்கிற மருமகன் ஒருவனுக்கு நாக்கு அடங்கவில்லை. கதவைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, ஊதுபத்தியைக் கொத்தாகக் கொளுத்தி வைத்துவிட்டு மீன் குழம்பு வைக்கிறான். பக்கத்துக் குடித்தனக்காரர்கள் புகையைப் பார்த்து, வீட்டில் ஏதோ பெரிய பூஜை என்று தேங்காய் பழத்தோடு வந்து நிற்கிறார்கள். அவர்களை எப்படியோ சமாளித்து அனுப்பிவிட்டு இலை போட்டு உட்காரும்போது மேலேயிருந்து குரல் வருகிறது. "எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வை. வால் பக்கம் வேண்டாம்." அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறி, மகள் வந்து முதுகில் தட்டினாள்.

மறுநாள் கம்பெனியில் அந்தக் கதையை நான் நடித்தே காட்டினேன். எங்கள் நிட்டிங் ஹாலில் வாய்விட்டுப் பேச முடியாது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஒன்றும் கேட்காது. அதனால் நாங்கள் எல்லோருமே உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வோம். இரண்டு விரலைக் கிள்ளிக் காட்டினால் நூல் அறுந்தது, சுண்டுவிரலை மடக்கிக் காட்டினால் ஊசி உடைந்தது, கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. புதிதாக வந்த ஒடிசாக்காரர் ஒருவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. அவருக்கும் மீன் கதை புரிந்து, நூல் கோனைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

அப்பேர்ப்பட்ட சீரியல் கெட்டுப்போனது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்போது கெட்டது என்பதில்தான் சண்டை.

பக்கத்து வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்த மருமகன் வேடத்துக்கு ஆளை மாற்றிய அன்றைக்கே எல்லாம் முடிந்தது என்பது அவர் கட்சி. பழைய ஆள் சும்மா நின்றாலே சிரிப்பு வரும், புதிய ஆள் சிரிப்பு வருகிறதா என்று நம்மையே பார்க்கிறான் என்பார். அவர் மனைவி செக்கிங்கில் இருப்பவள். துணியில் குறை பார்ப்பது மாதிரியே சீரியலிலும் பார்ப்பாள். காம்பவுண்டில் ஒருத்திக்குப் பிரசவம் வைத்து ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரையும் அழவிட்டார்களே, அங்கே விழுந்த ஓட்டைதான் பெரிதாகிவிட்டது என்பாள். என் மகள் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள், வாரக் கடைசியில் வருவாள். அரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக நீட்டியபோது குழம்பில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

இவர்கள் மூவரும் மரத்தை விட்டுவிட்டு இலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். மாடியம்மாவை எடுத்துவிட்டார்கள். அதைப் பேசாமல் மருமகனையும் பிரசவத்தையும் பேசி என்ன பயன். அவளை எடுத்ததோடு விட்டார்களா, அதுவும் இல்லை. கீழே இருப்பவர்கள் பழைய பழக்கத்தில் இன்னும் மாடியை அண்ணாந்து பார்க்கிறார்கள், திடுக்கிடுகிறார்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆளே இல்லாத மாடியைப் பார்த்து எதற்கு நடுங்க வேண்டும். டைரக்டருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நான் போகிற வருகிற இடமெல்லாம் சொன்னேன்.

அதை அவர்கள் மறுக்கவும் இல்லை. ஆமாம், பழைய மாடியம்மா போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டம்மாளும் ஒத்துக்கொண்டாள். அவள் போனது தீபாவளி ஸ்பெஷலுக்குப் பிறகு என்றாள். நான் அது அப்படி இல்லை, ஆடி மாதமே போய்விட்டாள் என்றேன். ஆடியில் இருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரர். இல்லை என்று நான். மருமகன் இன்டர்வியூவுக்குப் போனதாகப் பொய் சொல்கிற எபிசோடு ஆடிப்பெருக்கன்று வந்தது, அதில் மாடியம்மா கிடையாது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நானும் விடவில்லை. இந்த மனுசனிடம் பேசுவது செவிடன் காதில் சங்கு ஊதுகிற மாதிரி என்று மகளிடம் போனில் சொன்னேன்.

போனிலும் அவள் பேசியது பாதி விளங்கவில்லை. எங்கள் பகுதியில் டவர் சரியில்லை.

இந்தச் சண்டை நடக்கும்போதெல்லாம் என் மனைவி உள்ளேதான் இருப்பாள். அவள் வீட்டிலேயே பிசிர் வெட்டுகிற வேலை பார்க்கிறாள். தைத்து முடித்த பனியன்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள், தொங்குகிற நூல் முனைகளை வெட்டிச் சுத்தம் பண்ணிக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் கையில் கத்தரியோடு எங்கள் கூடவே உட்கார்ந்து சீரியல் பார்த்தவள். என்னைக் கேலி பண்ணுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கோபத்தில் கத்தினால், மெஷின் சூடாயிருச்சு, கொஞ்சம் எண்ணெய் விடுங்க என்று மகளிடம் சொல்வாள்.

அவளுடைய அப்பா மார்கழியில் இறந்தார். மூலனூர்ப் பக்கம் முருங்கைக் காடு வைத்திருந்தவர். கடைசிக் காலத்தில் மச்சினன் தோட்டத்துச் சாளையில், கொட்டகையில்தான் கட்டில் போட்டுக் கிடந்தார். தகவல் வந்ததும் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையாக என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் குறையில்லாமல் செய்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். துக்கத்தில் இருப்பவளை என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன்.

அந்தத் துக்கம் மாதங்கள் ஆகியும் ஆறவில்லை. சோறு வேண்டுமா, குழம்பு வேண்டுமா, கரண்டு பில் கட்டியாயிற்றா, இவ்வளவுதான் பேச்சு. அதையும் எதிரே வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போவாள். என் மேல் என்ன கோபம் என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று எத்தனையோ நாள் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். ஒரே வீட்டில் ஒருத்தி பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோடு சீரியலுக்காக அவ்வளவு உரக்கச் சண்டை போட்டதற்கு உள்காரணம் ஒன்று இருந்தது. உள்ளே இருக்கிறவள் பொறுக்கமுடியாமல் வெளியே வந்து என்னை ஒரு வார்த்தை கேலி பண்ணிவிட மாட்டாளா என்று இருந்தது.

ஒருநாள் நான் மாடியம்மா விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மாள் எங்கள் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்காரரைப் பொய்யன் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து ஒரே முற்றத்தில் தண்ணீர் பிடித்தும் பேச்சு கிடையாது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். சீரியல் முழுக்க யூடியூபில் இருக்கிறது, போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு எதற்குச் சண்டை என்றாள். பக்கத்து வீட்டாரையும் அவளே போய்க் கூட்டிவந்தாள். தோற்றவர் இரண்டு வீட்டுக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் எங்கள் முன்னறையில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

மகள் தன் போனிலிருந்து டிவியில் அந்த ஆடிப்பெருக்கு எபிசோடைப் போட்டாள். மருமகன் இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்று சட்டையைச் சொருகிக்கொண்டு கிளம்புகிறான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பூந்தி தின்றுவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருகிறான். அங்கே கேட்ட கேள்வி, இவன் சொன்ன பதில் என்று மாமனாரிடம் அளந்து விடுகிறான். மாமனார் நம்பிவிட்டார். எல்லோரும் கலைகிறார்கள். அப்போது வழக்கம்போல ஒரேயடியாக எல்லோரும் அண்ணாந்து பார்த்து விறைத்துப்போய் நின்றார்கள். பின்னால் மேளம் தட்டினார்கள். எபிசோடு முடிந்தது.

நான் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். "பாத்தீங்களா, எங்கீங்க மாடியம்மா? பிரியாணியச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கோபமாகத்தான் என்னைப் பார்த்தார். தோற்றதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் நான் நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு அவர் முகம் மாறியது.

"என்ன சொல்லுதிய அண்ணாச்சி," என்றார். "இப்பந்தான பேசுனா? பஸ் ஸ்டாண்டுல பூந்திப் பொட்டலத்தோட உக்காந்திருந்தது உன் ஆவியான்னு கேட்டால்லா?"

அவர் சொல்லியும் நான் நம்பவில்லை. மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னை முட்டாளாக்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. மகளைத் திரும்பவும் போடச் சொன்னேன். போட்டாள். சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினாள். பக்கத்து வீட்டம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். மேளச் சத்தம் என் நெஞ்சில் அடித்தது. மாடியம்மா பேசவில்லை.

மீன் எபிசோடைப் போடு என்றேன். அதில் அவள் இருக்கிறாள் என்பது யார் சொல்லியும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்பது எனக்கு மனப்பாடம். சாம்பிராணிப் புகை வந்தது, தேங்காய் பழத்தோடு ஆட்கள் வந்து போனார்கள், இலை விழுந்தது, மருமகன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் டிவிக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக்கொண்டேன். அவன் கை சோற்றில் நின்றது. மெல்ல மேலே பார்த்தான். எனக்குப் பின்னால் மகளுக்கு வழக்கம்போல அந்த இடத்தில் சிரிப்பு வந்து, அதை அவள் அடக்கப் பார்த்தது கண்ணாடி பீரோவில் தெரிந்தது. அவளுக்குக் கேட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு துண்டும் இல்லை, வாலும் இல்லை. வெறும் இரைச்சல், அதற்குள் ஒரு இடைவெளி, பிறகு மேளம்.

மெஷினுக்குள் கை போய்விட்டால் முதலில் வலிக்காது, கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று எங்கள் ஹாலில் சொல்வதுண்டு. நான் அப்படித்தான் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே இருக்கிறவர்கள் பேசுவது எனக்குத் தெரிகிறதே, மாமனார் சொன்னது தெரிந்ததே, மருமகன் அளந்தது தெரிந்ததே. அவர்களுக்கெல்லாம் முகம் இருந்தது, உதடு இருந்தது. மாடியம்மாவுக்கு அது இல்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். அவர் மனைவியும் அங்கேயே பார்த்தாள். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர் நின்றது.

"அத்தன நேரமா அப்பா, அப்பான்னு கூப்பிடறனுங்ளேப்பா," என்றாள். அதை அவள் உதட்டிலிருந்துதான் படித்தேன்.

பிறகு ஒரு நாள் காது டாக்டர் விளக்கமாகச் சொன்னார். மெஷின் இரைச்சலில் வருசக்கணக்காக நிற்பவர்களுக்கு முதலில் போவது மெல்லிய குரல்கள்தான். பெண்கள் குரல், குழந்தைகள் குரல், போனில் வருகிற குரல். தடித்த சத்தமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும், அதனால் காது போவது போகிறவனுக்கே தெரியாது. எங்களைப் போல உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகியவர்களுக்கு இன்னும் தாமதமாகத்தான் தெரியும் என்றார். தீபாவளிக்குப் பிறகு மாடியம்மாவுக்குக் குரல் கொடுக்க வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். பழைய மாடியம்மா போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னதன் பொருள் அதுதான். இரண்டு பேரும் வேறு வேறு சேதியைப் பேசி, தேதிக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அந்த அறையில் நான் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அதிர்ந்துகொண்டிருந்தேன். டவர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மாள் அன்றைக்குச் சமையலறையைப் பார்த்துச் சிரித்தது, உள்ளேயிருந்து என் மனைவி என்னைக் கேலி பண்ணியதற்காக இருக்கும். மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிறேன் என்று கம்பெனியில் என்னைப் புகழ்வார்கள். முன்பு சத்தத்தை வைத்துச் சொன்னவன், எப்போது கையை வைக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தெருவில் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் வந்து உரசுகிறார்கள் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து என் தோளில் கையை வைத்தார். பந்தயமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சைகையில் சொன்னார். பாவம், அவருக்கு அந்த நேரத்தில் பேசுவதா சைகை காட்டுவதா என்று தெரியவில்லை.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையில் அரிவாள்மணையிலிருந்து எடுத்த பாதி வெங்காயம் அப்படியே இருந்தது. மகளைப் பார்த்து என்னவோ சொன்னாள். மகள் பக்கத்து வீட்டாரை அழைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

அவள் எனக்கு நேர் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். மார்கழிக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆடியிலயே அந்தப் பொம்பள போயிட்டான்னு சொன்னீங்களே, அது நெசந்தானுங்களா?" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் சீரியல் பேச்சு எரிச்சலாக இருந்தது. ஆமாம், ஆடியில்தான், அதற்கென்ன இப்போது என்றேன்.

"ஆயுத பூசைக்கு மறுநாள் நாங் கேட்டதும் அப்ப உங்களுக்குக் கேக்கலீங்களா?"

என்ன கேட்டாய் என்றேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. கம்பெனி லீவு, பொரி தின்றுகொண்டு இந்த அறையில் உட்கார்ந்திருப்பேன். அவள் அடுப்படியில் இருந்திருப்பாள்.

எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் பிறந்த வீட்டுச் சேதியைப் புருசன் எதிரே வந்து நின்று கேட்கமாட்டார்கள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டோ, வெங்காயம் அரிந்துகொண்டோ, உள்ளே இருந்தபடியே போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்பார்கள். ஆம்பளையும் முடியாது என்று வாயால் சொல்லமாட்டான். கம்மென்று இருந்துவிடுவான். கம்மென்று இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள், மறுபடியும் கேட்டால் அது பிச்சை எடுக்கிற மாதிரி. என் அப்பன் ஆத்தாள் அப்படித்தான் இருந்தார்கள், அவளைப் பெற்றவர்களும் அப்படித்தான். அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவள் சொன்னாள். அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை, ராத்திரியில் சாளையில் தனியாகக் கிடக்கிறார், தண்ணீர் மொண்டு கொடுக்கவும் பக்கத்தில் ஆள் இல்லை என்று அன்றைக்குக் காலையில் அவளுக்குப் போன் வந்திருக்கிறது. நம் வீட்டுக்குக் கூட்டிவந்து முன்னறையில் கட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாமா, கோயம்புத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லையாம். எட்டிப் பார்த்தால் பொரியைத் தின்றுகொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

அந்த மனுசன் வந்தால் நான் வேண்டாம் என்றா சொல்வேன். கல்யாணமான புதிதில் எனக்குத் திருப்பூரில் வீடு பிடித்துக் கொடுக்கத் தெருத் தெருவாக அலைந்தவர் அவர். பஸ்ஸில் அவள் முன்சீட்டில் போய் உட்கார்ந்தது, எதிரே வந்து நின்றும் முகத்தைப் பார்க்காமல் பேசியது, எல்லாம் அந்த நிமிசத்தில்தான் எனக்கு விளங்கியது. அப்பனைச் சாளையில் சாகவிட்டவன் என்று நினைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"கேட்டிருந்தா என்னங்க சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

"கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பம் புள்ள. அன்னிக்கே கார் புடிச்சுட்டு நானே போயிருப்பன்."

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, முற்றத்திலிருந்து மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். இவள் அவளைப் போகச் சொல்லிக் கை காட்டினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். வெங்காயம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான் அழுதேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இவ்வளவு நாள் தெரியாமல் சுமந்த பழி இறங்கிவிட்டது, இனி அவள் பழையபடி பேசுவாள் என்று ஒரு ஓரத்தில் ஆறுதல்கூட வந்தது.

அவள் முகத்தில் அந்த ஆறுதல் இல்லை. முன்னைவிடக் கலங்கிப்போயிருந்தாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இத்தன நாளா உங்க மேல கோவமா இருந்து அதுலயே பொழச்சுக் கெடந்தனுங்க," என்றாள். "எந்திரிச்சு வந்து உங்க மூஞ்சிக்கு நேரா ஒருக்காக் கேட்டிருந்தா எங்கப்பன் இங்க வந்திருப்பாரு. இனி நான் ஆரு மேலீங்க கோவப்படறது?"

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் புரிந்தது.